உயிரோடு இருப்பவர் பெயர்

நகரசபைக்காரர்கள் வந்துபோனது ஒரு வியாழக்கிழமை. பிராகோ அப்போது மில்லுக்குள் அரைக்கிற தட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் சிக்கின மிளகாய் விதையைச் சாக்கு ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தாள். வெளியே வண்டி நின்றதும் பேச்சுக்குரலும் கேட்கத்தான் செய்தது. எவளாவது சோளம் கொண்டுவந்திருப்பாள் என்று இருந்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், மில்லின் பெயர்ப்பலகைக்குக் குறுக்கே சிவப்புப் பெயிண்ட். இன்னும் காயாமல் வழிந்துகொண்டிருந்தது.

"அனுமதிச் சீட்டைக் காட்டு. பதினாலு நாள்" என்று எழுதித் தேதியும் போட்டிருந்தார்கள். எழுத்து கோணல்மாணல். ஊர்ப் பலகையெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறவனுக்கு நாலு எழுத்து நேராக எழுத வரவில்லை, என்ன சொல்ல.

சாலையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை இதே கூத்துதான். முடிதிருத்துகிற கடை, டயர் ஒட்டுகிற கடை, சவப்பெட்டிக் கடை, எதையும் விடவில்லை. எதிர்ச்சாரியில் கெங்கி விற்கிற அராபா, அகப்பையும் கையுமாகச் சாலையைத் தாண்டி வந்தாள். சோளமாவைப் புளிக்கவைத்து உருட்டி, சோளத் தோலில் பொதிந்து அவித்தால் கெங்கி. அசுவோசோ ஊரில் பாதி வயிறு அதில்தான் நிறைகிறது. அராபா வாரத்துக்கு ஐந்து அண்டா அவிப்பாள். அத்தனை மாவும் பிராகோ அரைத்துக் கொடுப்பதுதான்.

"எனக்கும் போட்டுட்டான்டி," என்றாள் அராபா. "என் பலகையில மீன் படம் இருக்குல்ல, அந்த மீன் கண்ணு மேலயே அடிச்சிருக்கான் பாவி. பாத்தா கண்ணு நோவு வந்த மீனு மாதிரி இருக்கு. எவன் வாங்கித் தின்பான்?"

"உனக்கென்ன, நாளைக்கே போய்ச் சீட்டு வாங்கிடுவே. உன் பேரு, உன் கடை."

"உனக்கு மட்டும் என்னவாம்?"

"பலகையில யார் பேரு இருக்குன்னு படிச்சுப் பாரு."

அராபா நிமிர்ந்து பார்த்தாள். நீலத்தில் வெள்ளை எழுத்து: டாப்பா மாவு மில். கீழே சின்னதாக, கடவுள் தூங்குவதில்லை. பிராகோவின் புருஷன் க்வாபெனா டாப்பா வயிற்று நோவில் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வருஷத் திதிக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை அவளுக்குக் கருப்புத் துணிதான்.

எஞ்சின் வாங்கின கதை ஊருக்கே தெரியும். டாப்பாவின் ஒரு பருவத்துக் கொக்கோ விளைச்சல் பாதி. பிராகோ தன் அம்மா கொடுத்த, அங்கே தங்கத்துக்குச் சமமான பழைய பாசிமணி மூன்று சரத்தையும் பெட்டியிலிருந்த நல்ல துணி ஆறையும் விற்றுப் போட்டது பாதி. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் மில்லில் நின்றது இவள் ஒருத்திதான். டாப்பா தோட்டத்து மனுஷன். அவன் மில்லுக்குள் கால் வைப்பது சாப்பாடு ஆச்சா என்று கேட்பதற்குத்தான் என்று பெண்கள் கேலி செய்வார்கள். ஆனால் பலகை எழுதும்போது, "ஆம்பிளை பேரு இருந்தாத்தான் வீட்டுக்குக் கௌரவம்" என்று சொன்னது இவளேதான். அந்த வாயை இப்போது எத்தனை தடவை அடித்துக்கொண்டும் என்ன பிரயோஜனம்.

அவர்கள் ஜனத்தில் ஆம்பிளை செத்தால் அவன் சொத்து பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை, கூடப்பிறந்தவள் பெற்ற மருமகனுக்கு. பெண்டாட்டிக்கும் பங்கு உண்டு என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதுதான். ஆனால் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் மேல் வழக்குப் போடுவது யார்? பிராகோவுக்கு இதில் புகார் சொல்லவும் வாயில்லை. அவள் தாய்மாமன் சொத்து இப்படித்தான் அவள் அண்ணனுக்கு வந்தது. அப்போது இனித்தது.

நாற்பதாம் நாள் டாப்பாவின் அக்கா மகன் பெடியாக்கோவை அவன் இடத்தில் உட்காரவைத்தார்கள். தோட்டம், மோட்டார் சைக்கிள், துப்பாக்கி, துணிப்பெட்டி எல்லாம் அவனுக்குப் போயிற்று. மில் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வருஷம் கழியட்டும் என்று இருந்தார்கள். அந்தச் சபையில் குடும்பத் தலைவர் சார்ஃபோ பெரியவர், "உன் கையில் அவன் விட்டுப்போனது என்னம்மா?" என்று கேட்டபோது பிராகோ குனிந்து, "என் கையில என்ன இருக்கு, எல்லாம் உங்க வீட்டுதுதான்" என்றாள். எந்த விதவையும் சொல்கிற உபசார வார்த்தை அது. வந்தவர்களைச் சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்கிற மாதிரி.

திங்கட்கிழமை நகரசபைக்குப் போனாள். பலகைப் பிரிவில் இசாஹாக்கு என்று ஒரு வடக்கத்திக்காரர். மேசையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், பக்கத்தில் அளவு நாடா.

"பலகை யார் பேர்ல?"

"க்வாபெனா டாப்பா."

"அவரை வரச்சொல்லுங்க."

"அவர் வரமாட்டார் சார்."

"ஏன், அவ்வளவு பெரிய மனுஷரா?"

"செத்து ஒம்பது மாசமாச்சு."

இசாஹாக்கு தலையைத் தூக்கினார். அவள் கருப்புத் துணியைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. காலையிலேருந்து நூறு பேர், ஆளைப் பாக்காமலே பேசிட்டிருக்கேன்."

"பேரு அப்படியே இருக்கட்டும் சார். கட்ட வேண்டியதை நான் கட்டிடறேன்."

"செத்தவர் பேர்ல சீட்டு கிடையாது. பலகை விழுந்து ஒருத்தன் மண்டை உடைஞ்சா நான் யாரைக் கூப்பிடுவேன்? கல்லறையிலயா போய் நோட்டீஸ் ஒட்டறது? உயிரோட இருக்கிறவங்க பேரு வேணும். சீட்டுல இருக்கிற பேருதான் பலகையிலயும் இருக்கணும்." இரண்டு தாளை எடுத்து அவள் முன் தள்ளினார். "முதல் தாள் பலகைக்காரருக்கு. ரெண்டாவது, நிலத்துக்காரர் சம்மதம். நிலம் யாருது?"

"அவர் குடும்பத்துது."

"அப்போ அவங்கள்ல ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும்."

"ஒரு மூணு மாசம் தவணை குடுங்க சார். வருஷம் முடிஞ்சிடும்."

"எனக்கும் அம்மா இருக்காங்க. புரியாம இல்ல. ஆனா உங்களுக்குத் தவணை குடுத்தா, நாளைக்கு இந்த ஊர்ல எல்லாரும் கருப்பு உடுத்திட்டு வருவாங்க." சொல்லிவிட்டு, கடலையில் ஒரு கை அள்ளி அவளுக்குக் கொடுத்தார்.

சார்ஃபோ பெரியவரிடம் கேள்வியோடு போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பிராகோ ஒரு ஜின் பாட்டில் வாங்கிக்கொண்டு போனாள். பெரியவர் முறைப்படி மூன்று சொட்டுத் தரையில் விட்டு முன்னோரைக் கூப்பிட்டுவிட்டு, மீதியை மூடி வைத்தார். அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"என் பேர்ல வாங்கிக்கலாமான்னு கேக்க வந்தேன், பெரியவரே."

"கருப்பைக் கழட்டலை, அதுக்குள்ள உன் பேரா? டாப்பா எப்போ சாவான்னு பெயிண்டும் பிரஷ்ஷுமா காத்துக்கிட்டிருந்தாள்னு ஊர் பேசும். உன்னை மட்டுமா பேசும்? எங்களையும் சேத்துப் பேசும்."

"அப்போ பலகையைப் பிடுங்கிட்டுப் போவாங்களே."

"எதுக்குப் பிடுங்கறான்? பெடியாக்கோ பேரை எழுது. அவன்தானே இப்போ டாப்பா."

"மில்லு?"

"மில்லுக்கு என்ன? அது பாட்டுக்கு ஓடும். நீயே சொன்னியேம்மா, எல்லாம் உங்க வீட்டுதுன்னு." பெரியவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

வீடு திரும்புகிற வழியெல்லாம் வடக்கத்திப் புழுதிக்காற்று முகத்தில் அடித்தது. அந்த மாதத்தில் அப்படித்தான், உதடு வெடிக்கும், துணி தோய்த்துப் போட்டால் சிவப்பாகக் காயும். சீட்டில் ஒரு தடவை பெடியாக்கோ பேர் ஏறி முத்திரை விழுந்தால் மில் அவனுடையது. பிறகு எவன் வந்து என்ன கேட்டாலும் காட்ட அவளிடம் ஒரு காகிதம் இல்லை. பாசிமணி விற்றதற்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? ஐம்பதை எட்டப்போகிற வயதில், உறைவிடப் பள்ளியில் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு, இன்னொருத்தன் மில்லில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

பெடியாக்கோ பன்னிரண்டாம் நாள் காலையில் வந்தான். பக்கத்து ஊரில் மணல் லாரி ஓட்டுகிறான். முப்பது வயது, நல்ல உயரம், சிரித்தால் டாப்பா மாதிரியே ஒரு பக்கம் இழுக்கும் வாய். சின்ன வயதில் ஆறு வருஷம் இவள் வீட்டில்தான் வளர்ந்தான். மாமன் சொத்து மருமகனுக்கு என்பதால், மாமன் பெண்டாட்டியை மருமகன் 'பொண்டாட்டி' என்று கூப்பிட்டுக் கேலி செய்வது அங்கே வழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே, "பொண்டாட்டி, திங்க என்ன இருக்கு?" என்பான். "புருஷா, முதல்ல மூக்கைத் துடைச்சுட்டு வா" என்பாள் இவள். டாப்பா விழுந்து விழுந்து சிரிப்பான். முன்பெல்லாம் செத்தவன் இடத்தில் உட்கார்ந்தவன் விதவையையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதுண்டு. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் நாற்பதாம் நாளுக்குப் பிறகு அந்தக் கேலி இருவர் வாயிலும் வரவில்லை. அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவன் மொட்டையாகவே பேசினான்.

"கையில என்ன கட்டு?"

"நேத்து எஞ்சின் போடும்போது கைப்பிடி திருப்பி அடிச்சிடுச்சு."

"தள்ளுங்க, நான் போடறேன்."

சந்தை நாள். வாசலில் ஊறின சோளத்தோடு பதினைந்து பேசின் வரிசையாக நின்றது. எஞ்சினை ஒரே சுற்றில் கிளப்பிவிட்டான், அதில் குறை இல்லை. சோளத்தைக் கொட்டினான். மாவு நைசாக வரவேண்டுமே என்று தட்டுகளை நெருக்குகிற திருகாணியை இறுக்கினான். இறுக்க இறுக்கப் பெருமை. மாவும் வெண்ணெய் மாதிரிதான் விழுந்தது. அராபா தன் பேசினில் கையை விட்டவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஏ புது முதலாளி! மாவு அரைக்கறியா, இஸ்திரி போடறியா? இந்தச் சூட்டுல எங்க புளிக்கும்? கெங்கி கல்லு மாதிரி வந்தா நீ உக்காந்து தின்பியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. "மணலே அரைச்சுப் பழக்கம் போல" என்றாள் ஒருத்தி. பெடியாக்கோ அசட்டுச் சிரிப்போடு ஒதுங்கினான். பிராகோ இடது கையால் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தி, விழுகிற மாவில் புறங்கையை வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை தளர்த்தினாள். சூடான மாவைப் பரத்தி ஆறவிட்டாள். பதினைந்து பேசினும் முடிய மத்தியானமாயிற்று. பிறகு மரவள்ளி வற்றல், கடைசியில் மிளகாய். அவன் மூட்டை தூக்குவதோடு நிறுத்திக்கொண்டான்.

அராபா கடையில் கெங்கியும் பொரித்த மீனும் பச்சைமிளகாய் அரைத்ததும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நாளைக்குப் போய் என் பேரை எழுதிடறேன்," என்றான். "ஓட்டறது நீங்கதான். ஒண்ணும் மாறாது."

"ம்."

"பெரியவரும் அதான் சொன்னார்."

"மீன்ல முள்ளு இருக்கு, பாத்துத் தின்னு," என்றாள் பிராகோ. அராபா அடுப்படியிலிருந்து அவளை முறைத்த முறைப்பில் புகையே விலகியிருக்கும்.

மறுநாள் நகரசபையில் நல்ல கூட்டம். இசாஹாக்கு முதல் தாளை எடுத்துப் பேனாவோடு பெடியாக்கோவிடம் கொடுத்தார். "பலகைக்காரர் பேரு, இந்தக் கட்டத்துல." அவன் குனிந்து முதல் எழுத்தைப் போட்டுவிட்டான். இரண்டாவது எழுத்துக்குப் பேனா நகரும்போது, கட்டுப்போட்ட கை ஒன்று தாளின் மேல் வந்து விழுந்தது. தன் கைதான் என்று பிராகோவுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

"எழுதாதே."

"என்ன?"

"என் பேரை எழுது. நீ அவர் இடத்துல உக்காந்தப்போ நான்தான் உனக்குத் தண்ணி குடுத்தேன். தோட்டம் உனக்கு, துப்பாக்கி உனக்கு, ஒரு வார்த்தை கேட்டேனா? மில்லு என்னுது. பாதி எங்கம்மா பாசிமணி. மீதியை இந்தப் பதினோரு வருஷத்துல அரைச்சுத் தீத்துட்டேன்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெடியாக்கோவின் முகம் கறுத்தது.

"நான் மில்லைத் திருட வந்தேன்னு நினைச்சீங்களா?"

"நினைக்கலை."

"பின்னே? என்னை எதுக்கு உக்காரவெச்சாங்க? மாமா பேரு விழாம இருக்கத்தானே? என் பேருக்கு முன்னாடி அவர் பேரையும் சேத்து, டாப்பா பெடியாக்கோன்னுதான் எழுதப் போனேன். அவர் பேரு அந்தச் சாலையில நிக்கும். உங்க பேரைப் போட்டா எங்க மாமா எங்க? என்னைப் படிக்கவெச்ச மனுஷன்! ஒரு பலகையில கூட இல்லாமப் போவணுமா?" லாரி ஓட்டுகிறவன், அத்தனை பேர் முன்னால், புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

பிராகோ இதை நினைத்தே பார்க்கவில்லை. இத்தனை நாளும் அவள் மனசில் மில், மில், மில் மட்டும்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கையைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"எனக்கு மட்டும் சந்தோஷமாடா? அந்தப் பேரை எழுதச் சொன்னவளே நான்தான்," என்றாள். "நீ நல்லவன். நீ இருக்கிற வரைக்கும் என்னைப் போன்னு சொல்லமாட்டே, தெரியும். ஆனா உனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு ஒரு பையன் இருக்கான். உனக்கப்புறம் உன் இடத்துல வந்து உக்காரப்போறவனை எனக்குத் தெரியாது. அவனுக்கு நான் யாரு?"

பெடியாக்கோ பேனாவை மேசையில் வைத்தான். தங்கை மகனுக்கு நாலு வயது. இவன் வண்டியை, இவன் வாங்கப்போகிற நிலத்தை, ஒருநாள் எடுத்துக்கொள்ளப் போகிறவன். வீட்டில் இவன் பெண்டாட்டியைப் 'பொண்டாட்டி' என்று இப்போதே மழலையில் கூப்பிடுகிறவன். இசாஹாக்கு அவசரப்படுத்தவில்லை, கடலைப் பொட்டலத்தை மடித்தார், பிரித்தார்.

"சார்," என்றான் கடைசியில். "இந்தத் தாள் கெட்டுப்போச்சு. இவங்களுக்குப் புதுசு ஒண்ணு குடுங்க. எனக்கு ரெண்டாவது தாள்."

நிலத்துக்காரர் சம்மதத்தில் கையெழுத்துப் போட்டான். "இவங்களுக்கு நீங்க என்ன உறவு?" என்று இசாஹாக்கு கேட்டு எழுதினார். "மாமி," என்றான். "என் மாமி." பிறகு அவளிடம் திரும்பாமலே, "பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன். திட்டு விழுந்தா என் தலையில விழட்டும்," என்றான்.

இசாஹாக்கு முத்திரையை ஓங்கிக் குத்தினார். "சீட்டு ஒரு வருஷத்துக்கு. அமா பிராகோ மாவு மில். புதுப் பலகையை இன்னைக்கு மாட்டினாலும் சரி, கருப்பைக் கழட்டிட்டு மாட்டினாலும் சரி, உங்க இஷ்டம். சாக்கடைக்கு இந்தப்பக்கம் எட்டடி தள்ளி நடுங்க. பழசு மட்டும் நாளைக்குள்ள இறங்கணும்மா. அது என் கையில இல்லை." பிராகோ சீட்டை நாலாக மடித்து இடுப்புத் துணிக்குள் செருகினாள். அரசாங்கக் காகிதத்தில் அவள் பேர் ஏறினது, பிறந்த சீட்டுக்குப் பிறகு அதுதான்.

பதினாலாம் நாள் காலை பழைய பலகையை இறக்கினார்கள். நட்டெல்லாம் துருப்பிடித்துக் கல்லாகிக் கிடந்தது. பெடியாக்கோ எஞ்சினிலிருந்து டீசல் எடுத்துத் தடவி ஊறவிட்டு, ஒவ்வொன்றாகத் திருகினான். பிராகோ கீழே நின்று தாங்கிக்கொண்டாள். இறக்கி மில் சுவரில் சாய்த்ததும், ஈரத்துணியால் புழுதியைத் துடைத்தாள். சிவப்புப் பெயிண்ட் போகவில்லை, மற்றபடி நீலம் இன்னும் நன்றாகவே இருந்தது. அதை மில்லுக்குள்ளே, எஞ்சினுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று இடம் பார்த்துவைத்திருந்தாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்," என்றான் பெடியாக்கோ.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"மில்லு உங்களுக்கு. பேரு எனக்குத்தானே? அதுக்குத்தானே உக்காரவெச்சிருக்காங்க."

இல்லை என்று சொல்ல அவளிடம் நியாயம் எதுவும் இருக்கவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பலகையின் ஒரு முனையை அவளே தூக்கிக் கொடுத்தாள். மணல் லாரியின் பின்புறத்தில் அவன் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் பலகையை மல்லாக்க வைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். "வருஷத்துக்கு வர்றேன் மாமி," என்று சொல்லி ஏறிக்கொண்டான். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சாலையில் இறங்கி, சவப்பெட்டிக் கடையைத் தாண்டித் திரும்பியது.

சாவு வீட்டில் நாலு நாள் ஊரோடு சேர்ந்து அழுதாள் பிராகோ. முறைக்கும் அழுதாள், நிஜமாகவும் அழுதாள். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் வேலை இருந்தது, பயம் இருந்தது, கடைசிப் பதினாலு நாள் இந்தச் சீட்டு இருந்தது. இப்போது மில் அவளுடையது, இனி யாரும் கேட்க முடியாது. ஒன்றுமில்லாமல் நின்ற அந்த இரண்டு கம்பத்தையும் பார்த்ததும், டாப்பா இனி வரவே மாட்டான் என்பது அவளுக்கு உறைத்தது. மில் வாசலில், பேசின் வரிசைக்கு நடுவே, அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சோளம் கொண்டுவந்த பெண்கள் யாரும் எழுந்து போகவில்லை, எஞ்சினைப் போடு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அராபாவுக்கு அன்று இரண்டு அண்டா அவிக்க வேண்டியிருந்தது. அடுப்பு எதிர்ச்சாரியில் எரிந்துகொண்டிருந்தது. அவள் தன் பேசினை நகர்த்திவிட்டு, பிராகோவின் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"அழு," என்றாள். "சோளம் இன்னும் கொஞ்சம் புளிச்சா ஒண்ணும் கெட்டுப்போயிடாது."